வாசற்படி முதல் முகட்டு வளை வரை

பெரக்கரை நாடு, கொல்லிமலை
5 செப்டம்பர் 1931

ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் ஸலாம் சொல்வது உன் கடமை. மற்றக் கோபத்தையெல்லாம் அதற்கப்புறம் வைத்துக்கொள்.

நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேந்தமங்கலத்தில் உன் அத்தா வீட்டுக்குப் போன பிறகு, சேலத்து வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிஷன்காரர்கள் கொடுத்த வேலையை ஒப்புக்கொண்டு மலையேறிவிட்டேன். முன்பு இங்கே இருந்த வெள்ளைக்காரப் பாதிரி ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார். முன்பக்கம் தேவாலயம், பின்பக்கம் அவர் குடியிருந்த பங்களா, இரண்டுக்கும் ஒரே கூரை. மனைவி காய்ச்சலில் இறந்ததும் அவர் கப்பலேறிப் போய்விட்டார். அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. இனி யாரும் வரப்போவதில்லை என்று மிஷன் அதைப் பிரித்து விற்கப் போகிறது. நான் அளந்து, படம் வரைந்து, எந்த உறுப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்று எழுதித் தர வேண்டும். வாங்க வருகிற மரக்கடைக்காரர்களுக்கு இங்கிலீஷ் பெயர் புரியாதல்லவா? மரக்கடை வைத்திருக்கிற உன் அத்தாவும் அதை விலைக்குக் கேட்டிருக்கிறாராம். வேறு யார் கேட்பார்கள்!

இதற்கு நான் கேட்ட கைம்மாறு ஒன்றுதான். தெற்கே அவர்கள் நடத்துகிற வாய் பேசாப் பிள்ளைகள் பள்ளியில் நம் ஹாஜிராவுக்கு ஓர் இடம். கடிதத்தைக் கிழிக்காதே. நாம் எதற்காகச் சண்டை போட்டோமோ அதையே நான் மறுபடி சொல்கிறேன் என்பது தெரியும். ஆறு வயதாகிறது. காது நன்றாகக் கேட்கிறது. ஒரு சொல் வரவில்லையே! எனக்கும் அவள் 'அத்தா' என்று கூப்பிடக் கேட்க ஆசை இருக்காதா?

இந்த இடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. இவ்வளவு பெரிய கூடத்தில் எதிரொலியே இல்லை. நான் பேசுவது சுவரில் பட்டுத் திரும்பாமல் எங்கேயோ போய்ச் சேர்கிறது. சுற்றிலும் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. இந்தச் சுவரருகில் வந்த கொடிகள் மட்டும் திரும்பிப் போயிருக்கின்றன. சாவி வைத்திருக்கிற அத்தாயி பக்கத்துத் தினைக்காட்டுக்காரி. கதவைத் திறந்துவிட்டு முற்றத்திலேயே நின்றுகொள்கிறாள். உள்ளே வரச் சொன்னேன்.

“ஆளு வெக்காத ஊடுங்க அது. நா எதுக்குங்க உள்ளார வாரேன்?” என்றாள். என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை.

சோளக்காடு என்கிற ஊரிலிருந்து மாதேஸ்வரன் என்பவர் மிளகு சுமந்து கீழே வருகிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அவரிடமே கொடு.

ஜாபர் அலி

---

சேந்தமங்கலம்
9 செப்டம்பர் 1931

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடமைக்குச் சொன்னது. கோபம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. அவளை முகம் தெரியாத ஊரில் விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் வீடு திரும்பி என்ன செய்வோம்? சோறு தின்போமா? பேச்சு வராவிட்டால் போகட்டும். என் கண்ணெதிரே ஊமையாக இருக்கட்டும். பேச்சுக்காகப் பிள்ளையைத் தூரத்துக்குக் கொடுக்க மாட்டேன். இதை நான் சேலத்தில் சொன்னேன், இங்கே சொல்கிறேன், எங்கே கேட்டாலும் சொல்வேன்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். பின்னால் நீங்கள் ஓரத்தில் கிறுக்கியிருந்த கதவைப் பார்த்துவிட்டு ஹாஜிரா பிடுங்கிக்கொண்டாள். இங்கே வந்ததிலிருந்து அவளுக்கு உங்கள் படங்கள் இல்லாமல் பொழுதே போகவில்லை. வேலை முடிந்து வந்து படத்தை விரித்து, இது தூண், இது வளைவு என்று நீங்கள் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, அவள் விரலால் தடவிக்கொண்டே வருவாளே. அந்த நேரத்தில் மட்டும் அவள் உதடு இலேசாக அசையும். நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ என்னவோ, நான் ஒவ்வொரு நாளும் அதற்காகவே உட்கார்ந்திருப்பேன்.

அதனால், உங்களுக்காக அல்ல, அவளுக்காகக் கேட்கிறேன். அந்தக் கட்டடத்தின் படம் ஒன்று அனுப்புங்கள். பெயர்களையும் விட்டுப்போகாமல் வரிசையாக எழுதுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

மலைக்குளிருக்குக் கழுத்தில் துண்டு சுற்றிக்கொள்ளுங்கள். இதுவும் கடமைக்குத்தான்.

ஜுலைகா பீவி

---

பெரக்கரை நாடு
14 செப்டம்பர் 1931

ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். துண்டு சுற்றிக்கொண்டேன். கடமைக்கு.

படம் இத்துடன் இருக்கிறது. பெயர்களைக் கீழிருந்து மேலாக, மிஷன்காரர்கள் கேட்டிருக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். விரல் வைக்க வசதியாக ஒவ்வொன்றையும் படத்தில் தடித்த கோடாகப் போட்டிருக்கிறேன்.

முதலில் வாசற்படி. அதன்மேல் நிலை, கதவைப் பிடித்து நிற்கிற மரச்சட்டம். நிலைக்கு மேலே உத்திரக்கல். சுவரின் பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு நிலையைக் காப்பாற்றுவது. உள்ளே நுழைந்தால் நடுக்கூடம், ஜனங்கள் உட்கார்ந்து ஜெபிக்கிற இடம். இருபக்கமும் தூண். தூணின் தலையில் போதிகை. தூணுக்குத் தூண் தாவுவது வில்வளைவு. வளைவின் உச்சியில் பூட்டுக்கல். அந்த ஒரு கல்லை உருவினால் மற்றதெல்லாம் உதிர்ந்துவிடும். நம் வீட்டில் அது நீ. கூடத்தின் கோடியில் பீடம். வெளியே உதைசுவர், சுவர் சரியாமல் முட்டுக்கொடுத்து நிற்பது. உன் அத்தா எனக்கு அப்படி நின்றிருக்கலாம், நிற்கவில்லை. பின்பக்கம் பங்களாவில் அடுப்படி. மேலே விட்டம். விட்டத்துக்கு மேல் கைமரம். எல்லாவற்றுக்கும் மேலே, கூரையின் இரண்டு சரிவும் வந்து சேர்கிற முகட்டு வளை.

என் பழக்கம் உனக்குத் தெரியும். அளக்கும்போது உறுப்பின் பெயரை உரக்கச் சொல்வேன், டேப்பின் அடுத்த முனையைப் பிடித்திருப்பவர் “சரி” என்பார். அன்றைக்கு மாதேஸ்வரன் பிடித்தார். நான் 'வாசற்படி' என்று சொன்னதுமே முற்றத்தில் அத்தாயி காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஏனுங்க, வரிசையாக் கூப்புடாதீங்க. நடுவுல எதையாச்சும் உட்டுட்டுக் கூப்புடுங்க” என்று சத்தம் போட்டாள்.

மேலதிகாரி கேட்ட பட்டியலில் எதை விடுவது? சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் முகட்டு வளை என்று சொல்லி முடித்த பிறகு மாதேஸ்வரன் “சரி” சொல்லவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு யாரோ பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கேட்டது நான்தான். காத்திருந்தது நான் இல்லை.

இதை ஹாஜிராவுக்குச் சொல்லாதே, பயந்துகொள்வாள். பெயர்களை மட்டும் வாசி.

ஜாபர் அலி

---

சேந்தமங்கலம்
18 செப்டம்பர் 1931

மச்சான்,

பேசிவிட்டாள்! ஹாஜிரா பேசிவிட்டாள்!

எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை வீட்டு நடையில் உட்கார்ந்து படத்தை விரித்தேன். அவள் விரலைப் பிடித்து வைத்து “வாசற்படி” என்று வாசித்தேன். “இருக்கேஞ் சாமி” என்று ஒரு குரல். யாரோ வேலைக்காரி வந்திருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. “நிலை” என்றேன். பிள்ளையின் வாய் திறந்தது. “இருக்கேஞ் சாமி.” என் கண்ணெதிரே. முகட்டு வளை வரை ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். நான் அழுத அழுகையில் அத்தா கடையிலிருந்து ஓடிவந்துவிட்டார். தர்காவில் சர்க்கரை வைத்து ஓதினோம். தெருவெல்லாம் கொடுத்தேன்.

அத்தாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் முகத்தைச் சுளித்தார். “நம்ம வீட்டுல யாரும்மா சாமின்னு பேசுறாங்க? எங்கே கத்துக்கிட்டா?” என்றார். எனக்கும் தெரியவில்லை. குரலும் பிள்ளைக்குரல் இல்லை மச்சான். உள்ளறையில் வேலையாக இருக்கிறவர் அங்கிருந்தபடியே பதில் கொடுப்பது மாதிரி இருக்கிறது. 'அம்மா' சொல் என்றேன், சொல்லவில்லை. 'அத்தா' வரவில்லை. அந்தப் பெயர்களுக்கு மட்டும்தான், அதுவும் வாசற்படியிலிருந்து தொடங்கினால்தான். நடுவில் தூண் என்று ஆரம்பித்தால் என்னை வெறுமனே பார்க்கிறாள்.

இருக்கட்டும். ஒரு சொல் வந்ததே. உங்கள் பள்ளிக்கூடம் வேண்டாம், கேட்டீர்களா? இன்னும் பெயர்கள் மிச்சமிருந்தால் அனுப்புங்கள்.

ஜுலைகா

பி.கு: கட்டடத்தை வாங்கியது அத்தாதான். பிரிக்கிற ஆட்களை நாளைக்கு மலைக்கு அனுப்புகிறார்.

---

பெரக்கரை நாடு
22 செப்டம்பர் 1931

ஜுலைகா,

உன் கடிதத்தை முற்றத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டுக் கத்தினேன். மாதேஸ்வரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மலையில் யாரையும் அப்படிச் செய்யக்கூடாது போலிருக்கிறது, மனிதர் மிரண்டுவிட்டார். பிறகு பிள்ளை சொன்ன சொல்லை அத்தாயிக்குச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கையிலிருந்த சாவியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எங்கூட்டாளுங்க புதூடு கட்டுனா, ஊட்டுக்காரரு வாசல்ல நின்னு படியில இருந்து மொகடு மட்டும் ஒவ்வொண்ணாப் பேரு சொல்லிக் கூப்புடுவாருங்க. அவரு ரத்தத்துல ஒருத்தரு உள்ளார இருந்து ‘இருக்கேஞ் சாமி’ங்கோணும். அப்பறந்தான் அடுப்பு மூட்டுவோம். பதில் சொன்னவங்க அந்த ஊட்டு ஆளு. ஊடு நிக்கற மட்டும் அவங்க வேற எங்கியும் தங்க மாட்டாங்க. தொரை இதுக்கு ஆளு வெக்க உடலீங்க. செபம் பண்ணுனாப் போதும்னுட்டாரு. கூப்புடாத ஊடு இத்தன வருசம் சும்மாக் கெடந்துச்சு. நீங்க கூப்புட்டுட்டீங்களே கண்ணு.”

நான் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லையே என்றேன். “அங்க ஊட்டம்மா கூப்புட்டாங்கல்ல. புள்ள சொல்லிருச்சு” என்றாள்.

ஊட்டைப் பிரிக்கிறதானால், முதலில் அந்த ஆளைப் பிரித்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் முகட்டு வளை இறங்குகிற அன்றைக்கு... அவள் முடிக்கவில்லை.

நானும் தொழுகிறவன்தான் ஜுலைகா. இதையெல்லாம் நம்பக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் உன் அத்தாவின் ஆட்கள் வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் பீடத்துக்கு மேலே ஓடுகளைக் கழற்றினார்கள். கழற்றியதுமே பெருமழை, உள்ளே கொட்டியது. பிள்ளையை விடுவிக்க அத்தாயி ஒரு வழி சொல்கிறாள்: பெயர்களை மேலிருந்து கீழாக, முகட்டு வளையில் தொடங்கி வாசற்படியில் முடித்து, ஒவ்வொன்றுக்கும் 'போ' என்று நீ சொல்ல வேண்டும். அவள் விடுபடுவாள். அந்தச் சொல்லும் போய்விடும். மறுபடி ஊமையாகிவிடுவாள்.

உடனே செய்துவிடு.

ஜாபர் அலி

---

சேந்தமங்கலம்
25 செப்டம்பர் 1931

மச்சான்,

மாட்டேன்.

ஆறு வருஷம் ஒரு சொல்லுக்குத் தவம் கிடந்தேன். அதை என் வாயாலேயே 'போ' என்று விரட்டச் சொல்கிறீர்களே! பள்ளிக்கு அனுப்பிப் பேச வைக்கிறேன் என்றீர்கள். இப்போது பேசுகிறாள் என்றதும் வாயை அடை என்கிறீர்கள்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? திங்கட்கிழமை காலையில் நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். இங்கே மழை இல்லை, புழுதி பறக்கிறது. வாரிக்கொண்டிருக்கும்போதே உச்சியிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்தேன், மறுபடி இறங்கியது. சட்டை நனைந்து தரையில் சொட்டியது. அவள் குளிரில் நடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நேற்று உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தேன், சுண்ணாம்புப் பொடி. கழுவினால் போகிறது, மூடித் திறந்தால் இருக்கிறது.

வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் அழுவதில்லை, மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்குகிறாள். உதடு நீலமாகிறது. உள்ளே கொண்டுவந்து விட்டுவிட வேண்டியிருக்கிறது.

அத்தாவிடம் ஆட்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். “மலைக்காரி சொன்னதைக் கேட்டு வாங்கின மரத்தை விட்டுடவா? நாலு எழுத்துப் படிக்க வச்சேனே உன்னை” என்று சிரிக்கிறார். தண்ணீரைக் காட்டினால் ஜன்னி, வேர்வை என்கிறார்.

எனக்குப் பிள்ளையும் வேண்டும், அவள் பேச்சும் வேண்டும். பேராசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வேறு வழி இல்லையா என்று அந்த அத்தாயியைக் கேளுங்கள். காலில் விழுந்து கேளுங்கள்.

ஜுலைகா

---

பெரக்கரை நாடு
28 செப்டம்பர் 1931

ஜுலைகா,

கேட்டேன். காலில் விழப்போனேன், தினைக்கதிர் அறுக்கிற அரிவாளை வைத்துக்கொண்டு “எட்ட நில்லுங்க” என்றுவிட்டாள். மனுஷி நல்லவள், ஆனால் மரியாதையை அளந்துதான் வாங்கிக்கொள்கிறாள்.

வேறு வழி ஒன்று உண்டு. பிள்ளையின் ரத்தத்தில் இன்னொருவர் கட்டடத்துக்குள் நின்று, அவளுக்குப் பதிலாகப் பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டது யாரோ அவர்களே மறுபடி கூப்பிட வேண்டும், அது நீ. நீ கூப்பிடும்போது அவள் வாயிலிருந்து சத்தம் வரக்கூடாது. உன் கையால் பொத்திக்கொள். பதில் இங்கே மாறிவிட்டால் அவள் நாக்கு அவளுக்கே சொந்தம். அப்புறம் அவள் பேசுவதெல்லாம் அவள் பேச்சாக இருக்கும் என்கிறாள் அத்தாயி.

வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்ததும் தொடங்கு. மலையில் பாங்கு கேட்காது. சூரியன் உச்சிக்கு வந்ததும் நான் நடுக்கூடத்தில் நிற்பேன். உன் சத்தம் எனக்கு எப்படி எட்டும் என்று கேட்காதே. உன் சத்தம் ஏற்கெனவே ஒரு தடவை இங்கே எட்டியிருக்கிறது.

ஆட்கள் சனிக்கிழமை முகட்டு வளையை இறக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னால் முடித்துவிடலாம். பிறகு நான் கொஞ்ச நாள் இங்கே தங்க வேண்டியிருக்கும். மலைக்காற்று எனக்கு ஒத்துக்கொள்கிறது. சேலத்துக்குத் திரும்பும்போது என் துணிகளைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடு, பூச்சி அரிக்கும்.

ஒன்று மட்டும். பொத்தும்போது மூக்கை விட்டுவிட்டுப் பொத்து. உனக்கு அவசரத்தில் கை நிதானம் இருக்காது.

ஜாபர் அலி

---

சேந்தமங்கலம்
3 அக்டோபர் 1931

மச்சான்,

நேற்று பாங்கு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நடையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்து, மூக்கை விட்டுவிட்டுப் பொத்தினேன். “வாசற்படி” என்றேன். என் உள்ளங்கைக்குள் அவள் உதடு அசைந்தது. நான் இறுக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆறு வருஷம் எந்த உதடு அசையாதா என்று காத்திருந்தேனோ, அதை நானே அமுக்கிப் பிடித்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. நிலை, உத்திரக்கல், நடுக்கூடம், ஒன்றும் இல்லை. பிள்ளை கடித்துவிட்டாள், ரத்தம் வந்தது, கையை எடுக்கவில்லை. “தூண்” என்றேன். அப்போது உங்கள் குரல் கேட்டது. சுவரிலிருந்து வந்ததா, தெருவிலிருந்து வந்ததா தெரியாது. “இருக்கேன்” என்றீர்கள். நீங்கள் 'சாமி' போடவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் சொன்னீர்கள். முகட்டு வளைக்குச் சொன்னபோது உங்கள் குரல் ரொம்ப உயரத்தில் இருந்தது. விட்டுப்போன முதல் நாலு பெயரையும் நான் திரும்பக் கூப்பிட்டேன். அதற்கும் சொன்னீர்கள்.

கையை எடுத்தேன். ஹாஜிரா கூரையைப் பார்த்து, “அத்தா” என்றாள். அவள் குரலில். சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு, உங்கள் அக்காவின் குரல் மாதிரி. பிறகு “அம்மா கை வலிக்குதா?” என்றாள். இன்று காலை வரை நிறுத்தவில்லை. கோழியோடு பேசுகிறாள். வாசலைத் தாண்டி ஓடுகிறாள். தலை காய்ந்திருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்டது என்னவென்று எனக்குத் தெரியும் மச்சான். பதில் சொன்னவர் வேறெங்கும் தங்க மாட்டார் என்று முன்பு ஒரு கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள். துணியைப் பூட்டி வை என்றதும் புரிந்துவிட்டது. புரிந்தும்தான் வாசித்தேன். நடுவில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பேச்சுக்காகப் பிள்ளையைத் தூரத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டவள் உங்களைக் கொடுத்துவிட்டேன்.

இறங்கி வந்துவிடுங்கள். அந்த மலைக்காரி சொன்னது பொய்யாக இருக்கட்டும். முகட்டு வளையைப் பற்றி உடனே சேதி எழுதுங்கள்.

ஜுலைகா

---

பெரக்கரை நாடு
9 அக்டோபர் 1931

ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

முகட்டு வளை இருக்கிறது. சனிக்கிழமை உன் அத்தாவின் ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். மரத்தில் கை வைத்ததும் நான் “இருக்கேன்” என்றேன். நான் கீழே கூடத்தில்தான் நின்றிருந்தேன். அவர்களுக்கு அது கைக்கு அடியிலிருந்து கேட்டிருக்கிறது. அவர்கள் இறங்கிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவர் செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார். கழற்றிய ஓடுகளை அத்தாயியும் மாதேஸ்வரனும் திரும்ப அடுக்கிவிட்டார்கள். அத்தாயி இப்போது உள்ளே வருகிறாள். ஆளு வெச்ச ஊடு, இனி என்ன பயம் என்கிறாள்.

அவள் 'அத்தா' என்று சொன்னது எனக்குக் கேட்டது. நீ எழுதுவதற்கு முன்னாலேயே தெரியும். அழுதுவிட்டேன். ஈரம் சுவரில் இன்னும் இருக்கிறது.

இறங்கி வரச் சொல்கிறாய். முயற்சி செய்தேன், உனக்காகவே. வாசலுக்குப் போய்க் காலைத் தூக்கினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. படிக்கு அந்தப் பக்கம் முற்றம் தெரிகிறது, அத்தாயியின் ஆடு தெரிகிறது, ஆனால் என் காலுக்கு அங்கே இடம் இல்லை. வலி ஒன்றும் இல்லை. பசியும் அதிகம் இல்லை. அத்தாயி தினைக்கூழ் வைத்துவிட்டுப் போகிறாள், அது ஆறிப்போகிறது.

நீ வாசித்ததற்காக வருத்தப்படாதே. நிறுத்தியிருந்தால்தான் நான் கோபித்துக்கொண்டிருப்பேன். கூடத்தில் இப்போது நன்றாக எதிரொலிக்கிறது.

பென்சில் பிடிக்கக் கை கனமாக இருக்கிறது. அதனால் இவ்வளவுதான்.

ஜாபர் அலி

---

சேந்தமங்கலம்
24 அக்டோபர் 1931

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை நீங்கள் படிப்பீர்களா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

நாங்கள் வந்திருந்தோம். நான், ஹாஜிரா, அத்தா மூன்று பேரும். “நன்னா, என் அத்தாவைக் கூட்டிட்டு வாங்க” என்று பிள்ளை தன் தாத்தாவிடம் கேட்டதும் என் அத்தாவின் வீறாப்பெல்லாம் போய்விட்டது. கட்டடத்தைப் பிரிக்கப் போவதில்லை, அப்படியே நிற்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மலைப்பாதை முழுக்க ஹாஜிரா பேசிக்கொண்டே வந்தாள். தூக்கி வந்த மாதேஸ்வரனின் காது வலித்திருக்கும்.

கதவு திறந்திருந்தது. நடுக்கூடத்தில் உங்கள் தொப்பியும் டேப்பும் துண்டும் மடித்து வைத்திருந்தன. கூழ்ச்சட்டி நிறைந்திருந்தது. நான் மச்சான் என்று கூப்பிட்டேன். ஜாபர் என்று உங்கள் பெயரையே சொல்லிக் கூப்பிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. அத்தா மாப்பிள்ளே என்று கத்தினார். பங்களா, அடுப்படி எல்லாம் தேடினோம். நீங்கள் இல்லை.

“அந்தப் பேரச் சொன்னா இனி வராதுங்க கண்ணு” என்றாள் அத்தாயி.

தூணில் சாய்ந்துகொண்டு அழுதேன். ஹாஜிரா உள்ளே ஓடிவரப் பார்த்தாள், வாசலில் இரண்டு தடவை தடுக்கி வெளியே உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை அவள் ஏறவில்லை. முற்றத்தில் நின்று, படத்தில் பழகின மாதிரி விரலை நீட்டி, “வாசற்படி” என்றாள்.

“இருக்கேன்” என்றீர்கள்.

அத்தா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்குப் பயமே இல்லை மச்சான். சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். நிலையிலிருந்து, வளைவிலிருந்து, பூட்டுக்கல்லிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே போனீர்கள். “தூண்” என்றபோது நான் சாய்ந்திருந்த இடம் என் முதுகில் அதிர்ந்தது. திரும்பித் தூணில் கை வைத்தேன், எடுக்கவே இல்லை.

இறங்கி வந்தபோது அவள் கேட்டாள்: “அத்தா எப்ப வீட்டுக்கு வருவாங்க?” அவளுக்கு என்ன சொல்லட்டும்? எழுத முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள். முடியாவிட்டால் வேண்டாம்.

ஜுலைகா

---

(தேதி இல்லை)

ஜுலைகாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கதவின் கீழே அத்தாயி தாள் வைத்திருந்தாள்.

நீ சாய்ந்தாய். பாரமே இல்லை உனக்கு. ஒழுங்காகச் சாப்பிடு. உன் அத்தா உட்கார்ந்த இடத்தில் தரை சில்லென்று இருந்திருக்கும், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடு.

அவளை உள்ளே விடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. தடுக்கிவிட்டது நான்தான். வெளியே நிற்கட்டும். வெளியே நின்று பேசட்டும்.

மழைக்காலம் வருகிறது. கூரை ஒழுகவில்லை. சுவரோரம் மிளகுக்கொடி ஒன்று திரும்பி வந்திருக்கிறது, உதைசுவரைப் பிடித்து ஏறுகிறது. கூச்சமாக இருக்கிறது.

அவள் வளர வளரப் பெயர்களை மறந்துவிடுவாள். மறக்கட்டும். நீயும் சொல்லிக் கொடுக்காதே. வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிவந்து முற்றத்தில் நிறுத்து. கோழியைப் பற்றிப் பேசினாலும் சரி, உன்னைப் பற்றிக் கோள் சொன்னாலும் சரி, எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி.

இருக்கேன்.